பழைய எம்.ஜி.பி.யின் கிளச் பெடல்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலவாக்கலையில் என் வீட்டுக் கொட்டிலில் 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது. 1798 சி.சி. எஞ்சின், நான்கு கியர், மேல்துணி பத்து இடத்தில் ஒட்டுப்போட்டது. நான் மெக்கானிக் இல்லை. இந்தக் காரை ஓடவைக்க வேண்டியே கொஞ்சம் கற்றுக்கொண்டவன். பழைய கார் வைத்திருப்பவர்கள் கண்டியிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் கூப்பிட்டுக் கிளச் பற்றிக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அண்ணே, கிளச்சை அடிவரைக்கும் மிதித்தும் முதல் கியர் ‘கர்ர்’ என்று கத்துகிறது. கிளச் போய்விட்டதா?

முதலில் உங்கள் கார் எந்த ஆண்டு என்று பாருங்கள். 1967 கடைசியில் இரண்டாம் மாடல் வரும்வரை எம்.ஜி.பி.யின் முதல் கியருக்கு சின்க்ரோ, அதாவது கியர்களின் வேகத்தைச் சமப்படுத்திச் சத்தமில்லாமல் சேர்க்கும் அமைப்பு, கிடையாது. அந்தக் கார்களில் கிளச் நன்றாக இருந்தாலும், மிதித்த உடனே கியரைத் தள்ளினால் கத்தத்தான் செய்யும்.

ஆகவே இப்படிப் பாருங்கள். எஞ்சின் சூடாகி மெதுவாக ஓடும்போது பெடலை அடிவரை மிதித்து, மனதுக்குள் ஐந்துவரை எண்ணி, பிறகு ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு எந்த மாடலிலும் சின்க்ரோ இல்லை. சத்தமில்லாமல் விழுந்தால் கிளச் விடுகிறது, அதாவது எஞ்சினைக் கியர்பொக்ஸிலிருந்து பிரிக்கிறது; உங்கள் அவசரம்தான் பிரச்சினை. ஐந்து எண்ணியும் கத்தினால் கிளச் முழுதாக விடவில்லை. அப்படியானால் தொடர்ந்து வாசியுங்கள்.

கராஜில் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பொறுங்கள். இந்தக் கிளச் ஒயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது: பெடல் மேலே மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும், ஒயில் குழாய் வழியே போய்க் கீழே சிலேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும், அது ஃபோர்க் என்ற நெம்புகோலை நகர்த்திக் கிளச்சை விடுவிக்கும். இனி நான் பட்டதைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் கம்பளையிலிருந்து நுவரெலியா ஏறிக்கொண்டிருந்தேன். புசல்லாவை தாண்டி இறம்பொடைக் கொண்டை ஊசி வளைவுகளில் முன்னே ஒரு பஸ். அது நின்றால் நானும் நிற்க வேண்டும், நின்றால் முதல் கியர் விழாது. எஞ்சினை அணைத்து, கியரைப் போட்டு, கியரிலேயே ஸ்டார்ட் எடுத்து, கார் குதித்துக் குதித்து நகரும். லபுக்கலை போய்ச் சேர்வதற்குள் இப்படி ஏழெட்டுத் தடவை. பின்னால் வந்த லொறிக்காரர் என் பரம்பரையையே விசாரித்தார்.

பெயர் வேண்டாம், ஒரு கராஜில் விட்டேன். மாஸ்டர் சிலிண்டர் புதிதாகப் போட்டார்கள். இரண்டு வாரம் பரவாயில்லை, பிறகு பழையபடி. கீழே இருக்கும் சிலேவ் சிலிண்டரையும் மாற்றினார்கள். அப்போதும் அதே கதை. ‘சாமான் டுப்ளிகேட்’ என்று சொல்லி இன்னொரு மாஸ்டர். மூன்றாவது தடவை எஞ்சினை இறக்க வேண்டும் என்றார்கள். காரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

தேயிலை ஸ்டோரில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, பானட்டைத் திறந்து, பெடலுக்கு மேலிருக்கும் தகர மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றினார். ‘தம்பி, உள்ளே போய்ப் பெடலைக் கையால் மெல்ல அமுக்குங்க’ என்றார். அமுக்கினேன். பெடல் இரண்டு விரற்கடை இறங்கியது. மாஸ்டர் சிலிண்டருக்குள் போகும் தண்டு அசையவே இல்லை.

பெடலையும் அந்தத் தண்டையும் இணைப்பது சுண்டுவிரல் மொத்தம்கூட இல்லாத ஒரு பின். அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். நடுப்பகுதி ஒரு பக்கமும், இரண்டு ஓரங்கள் எதிர்ப்பக்கமும் தேய்ந்து, குட்டி கிரேங்க் ஷாஃப்ட் மாதிரி இருந்தது. பெடலில் இருந்த துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவம். தண்டின் நுனியில் பின் நுழையும் இரட்டைக் கால், அதாவது கவட்டை, அதன் துளைகளும் அப்படியே. மூன்று சிலிண்டர் மாற்றிய யாரும் அந்தப் பின்னைக் கழற்றியபோது திருப்பிப் பார்க்கவில்லை. கழற்றினார்கள், அதையே திரும்பப் போட்டார்கள்.

சரி, பின்தான் பிரச்சினையா, சிலிண்டர்தான் பிரச்சினையா என்று எப்படிப் பிரித்தறிவது?

இரண்டு பேர், ஒரு அடிக்கோல், ஒரு டோர்ச் போதும்.

முதலில் மேலே. தகர மூடியைக் கழற்றிவிட்டு ஒருவர் பெடலை மெதுவாகக் கையால் அமுக்க, மற்றவர் தண்டைப் பார்க்க வேண்டும். பெடல் அசைந்து தண்டு அசையாத தூரம் எவ்வளவோ அவ்வளவும் வீண். கொஞ்சம் இருப்பது இயல்பு. பெடல் நுனியில் ஒரு அங்குலத்துக்குக் கிட்ட வந்தால் பின்னும் துளைகளும் தேய்ந்துவிட்டன.

அப்புறம் கீழே. சிலேவ் சிலிண்டர் கியர்பொக்ஸ் கூட்டின் வலப்பக்கம் இருக்கிறது. அதிலிருந்து வெளியே வரும் தண்டில் சோக்கால் கோடு போட்டு, பெடலை முழுதாக மிதிக்கும்போது எவ்வளவு நகர்கிறது என்று அளக்கவும். சுமார் அரை அங்குலம், அதாவது 12 முதல் 13 மி.மீ. வரவேண்டும். காருக்குக் கீழே போகுமுன் டயருக்குக் கட்டை வையுங்கள், ஜாக்கை மட்டும் நம்பி யாரும் படுக்க வேண்டாம். எங்கள் பக்கம் சமதரையே கிடையாது.

மேலே தண்டு உடனே அசைகிறது, கீழே அரை அங்குலம் வரவில்லை என்றால் நடுவில்தான் கோளாறு: காற்று, ஒழுக்கு, அல்லது ஊதிக்கொள்கிற பழைய ரப்பர் குழாய். பெடலை மிதித்தபடி அரை நிமிடம் பிடித்திருங்கள். கீழ்த்தண்டு மெல்லப் பின்வாங்கினால், வெளியே ஒழுக்கு இல்லாவிட்டாலும் மாஸ்டரின் உள் ரப்பர் விட்டுக்கொடுக்கிறது. அந்தச் சமயம் மாஸ்டரை மாற்றுவது நியாயம்.

கீழே முழு அரை அங்குலமும் வந்து அப்படியும் கியர் கத்தினால் கோளாறு கூட்டுக்குள்ளே. அது பெரிய வேலை, பின்னால் சொல்கிறேன்.

ஒரு சின்னப் பின் தேய்ந்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எம்.ஜி.பி.யில் மாஸ்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம், சிலேவின் உள்விட்டம் ஒன்றேகால் அங்குலம். பரப்பளவு விகிதம் ஏறக்குறைய 2.78. மேலே 2.78 மி.மீ. தள்ளினால்தான் கீழே 1 மி.மீ. நகரும். கீழே 12.7 மி.மீ. வேண்டுமென்றால் மேலே 35 மி.மீ. தள்ள வேண்டும்.

பின்னில் ஒன்றரை, பெடல் துளையில் ஒன்றரை, கவட்டையில் ஒன்று என்று தேய்மானம் சேர்ந்து 4 மி.மீ. என்று வையுங்கள். கீழே 1.4 மி.மீ. குறைகிறது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். இந்தக் கிளச்சில் கைவசம் இருக்கிற உபரியே அவ்வளவுதான். அதனால்தான் கோளாறு படிப்படியாக வராமல் ஒரு நாள் திடீரென்று வந்த மாதிரித் தோன்றும். புது மாஸ்டர் போட்டதும் இரண்டு வாரம் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியதும் இதனால்தான். காற்றைச் சுத்தமாக எடுத்ததில் அரை மில்லிமீட்டர் கிடைத்திருக்கும், பிறகு அந்தப் பின்னின் தேய்மானம் அதைத் தின்றுவிட்டது.

கீழே சிலேவ் பக்கமும் ஒரு பின் இருக்கிறதே. அதையும் மாற்ற வேண்டாமா?

மாற்றலாம், மலிவுதான். ஆனால் அதிலிருந்து பெரிய முன்னேற்றம் எதிர்பார்க்காதீர்கள். இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், நான் வாதாடிப் பார்த்தவன்.

சிலேவ் சிலிண்டருக்குள் ஒரு மெல்லிய ஸ்பிரிங் இருக்கிறது. அது பிஸ்டனை எப்போதும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். ஆகவே கீழ்ப்பக்கம் தேய்ந்த இடைவெளியை ஒயிலும் ஸ்பிரிங்கும் தாமாகவே நிரப்பிக்கொள்ளும். கிளச் பிளேட் தேயும்போதும் இதே வழியில்தான் கணக்குச் சரியாகிறது, இந்தக் காரில் திருகிச் சரிசெய்ய நட்டே இல்லாததற்குக் காரணமும் அதுதான். மேலே பெடல் பக்கம் அந்த வசதி இல்லை. பெடலை ஸ்பிரிங் பின்னுக்கு இழுக்கிறது, கால் முன்னுக்குத் தள்ளுகிறது. ஒவ்வொரு மிதியிலும் அந்த இடைவெளியை முதலில் கடந்தாக வேண்டும்.

சிலர் கீழே ஃபோர்க்கில் வெளியிலிருந்து ஒரு இழுவை ஸ்பிரிங் மாட்டிவைத்திருப்பார்கள். ‘பெயரிங் தேயாமல் இருக்க’ என்பது விளக்கம். அந்த ஸ்பிரிங் பிஸ்டனை உள்ளே தள்ளிவிடும், அப்போது கீழ்த் தேய்மானமும் வீண் தூரத்தில் சேர்ந்துவிடும். உங்கள் காரில் இருந்தால் கழற்றிவிட்டு ஒரு தடவை ஓட்டிப்பாருங்கள்.

முட்டை வடிவத் துளையை எப்படிச் சரிசெய்வது?

இரண்டு வழி. ஒன்று, துளையை வெல்டிங்கால் நிரப்பி, இரண்டு பக்கமும் அராவி, புதிதாகத் துளையிடுவது. மற்றது, துளையைப் பெரிதாக்கி வெண்கலப் புஷ் (சிறு குழல்) இறுக்கிப் பொருத்துவது. எனக்குப் பிடித்தது இரண்டாவது. அடுத்த தடவை தேய்ந்தால் புஷ்ஷை மட்டும் தட்டி எடுத்து மாற்றலாம். பெடல் இரும்பு மெல்லியதாக இருப்பதால் புஷ்ஷை இரண்டு பக்கமும் சற்று நீட்டிவிட்டால் பின்னுக்குத் தாங்கும் இடம் கூடும். ஆனால் கவட்டைக்குள் அது தடையில்லாமல் நுழைய வேண்டும், அளந்துவிட்டு வெட்டுங்கள்.

எந்த வழியானாலும் முக்கியமானது மையம். துளை எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி தேய்வதில்லை. பெடல் பின்னை முன்னுக்குத் தள்ளுவதால் பெடல் துளையின் பின்சுவர் தேய்கிறது. கவட்டையில் முன்சுவர் தேய்கிறது. தேயாத சுவரை ஆதாரமாக வைத்துத்தான் பழைய மையத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முட்டையின் நடுவில் துளையிட்டால், தேய்மானத்தில் பாதியை நிரந்தரமாக்கிவிட்டீர்கள்.

துளையை 7.5 மி.மீ. துரப்பணத்தால் போட்டுவிட்டு ரீமரால் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) அளவுக்குக் கொண்டுவாருங்கள். கையில் பிடித்த ட்ரில்லால் நேராக அளவுக்குத் துளைத்தால் அது வட்டமாக வராது.

பெடல் தொங்கும் மேல் அச்சின் புஷ்ஷையும் அப்போதே பாருங்கள். பெடலைப் பிடித்து இடம் வலமாக ஆட்டினால் ஆடக்கூடாது.

பின் எங்கே கிடைக்கும்?

என் காரில் அது 5/16 அங்குலம், அதாவது 7.94 மி.மீ. உங்களுடையதை வெர்னியரால் தேயாத இடத்தில் அளந்து கொள்ளுங்கள். 8 மி.மீ. பின் கிடைத்தால் அதைப் போடலாம், எப்படியும் துளையை ரீமர் செய்யத்தானே போகிறோம்.

பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கலாம், ஆனால் ஒரு பின்னுக்காகக் கொழும்புக்குப் போய்வருவது பஸ் காசுக்குக்கூடக் கட்டாது. லேத் வைத்திருக்கும் எந்தப் பட்டறையிலும் கடைந்து தருவார்கள். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலை ஸ்டோர் மெஷின்களுக்குச் சாமான் கடைகிற பாஸ்மார் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. லேத்தும் இல்லையென்றால் 8.8 என்று தலையில் எழுதிய போல்ட்டின் மரையில்லாத பகுதியை வெட்டி, ஸ்பிளிட் பின்னுக்குத் துளை போட்டால் போதும். மரையுள்ள பகுதி கவட்டைக்குள் வரவே கூடாது, அது அரம் மாதிரி துளையைத் தின்றுவிடும். ஆணியை வெட்டிப் போட்டிருந்த ஒரு காரையும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி மேலும் பேச விரும்பவில்லை.

போடும்போது கொஞ்சம் கிரீஸ். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள்.

தண்டை நீளமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

வெட்டி ஒட்டியோ, திருகி நீட்டுகிற மாதிரி செய்தோ நீளமாக்கலாம். வீண் தூரம் குறையும், உண்மைதான். துளைகளைச் சரிசெய்த பிறகு கடைசி அரை மில்லிமீட்டருக்காகச் செய்தால் நல்ல முன்னேற்றம். அவற்றைச் சரிசெய்யாமல் மூடிமறைக்கச் செய்தால் ஆபத்து.

மாஸ்டர் சிலிண்டருக்குள், பிஸ்டன் முழுதாகப் பின்வந்தால் மட்டும் திறக்கிற ஒரு ஊசித்துளை இருக்கிறது. அதன் வழியாகத்தான் சூட்டில் விரிந்த ஒயில் மேலே தொட்டிக்குத் திரும்புகிறது. தண்டு நீளமாகி பிஸ்டனை எப்போதும் கொஞ்சம் அமுக்கிக்கொண்டிருந்தால் அந்தத் துளை அடைபட்டுவிடும். ஒயில் விரிய விரிய, யாரும் மிதிக்காமலே கிளச் பாதி விட்ட நிலைக்கு வந்து, மேட்டில் வழுக்கத் தொடங்கும். நானுஓயா ஏற்றத்தில் எஞ்சின் சீறுகிறது, கார் ஏறவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். பெடல் ஓய்வில் இருக்கும்போது தண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும்.

எவ்வளவு மிதித்தும் காற்று முழுதாக வெளியேறவில்லை. என்ன செய்வது?

கீழிருந்து மேலே ஏற்றுங்கள். சிலேவுக்கு வரும் குழாய் மேலிருந்து இறங்குகிறது, காற்றோ மேலே போகத்தான் பார்க்கும். நாம் பெடலை மிதித்து அதைக் கீழே தள்ளப் பார்க்கிறோம். பெரிய ஊசிக்குழலில் புது ஒயில் நிரப்பி, சிறு பிளாஸ்டிக் குழாயால் சிலேவின் நிப்பிளில் (காற்றை வெளியேற்றும் திருகு) பொருத்தி, நிப்பிளைத் தளர்த்தி மெதுவாக ஏற்றினால் குமிழிகள் மேலே தொட்டியில் வந்து வெடிக்கும். தொட்டி நிரம்பி வழியாமல் ஒருவர் மேலே பார்த்துக்கொள்ள வேண்டும். பிரேக் ஒயில் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்துவிடும், அதனால் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

இங்கே ஒயில் என்பது பிரேக் ஒயில்தான், டொட் 4 ரகம். எஞ்சின் ஒயிலையோ வேறு எந்தக் கனிம எண்ணெயையோ ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிவிடும். டொட் 4 காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கிற சரக்கு. கினிகத்தேனை மழையிலும் நுவரெலியா மூடுபனியிலும் இருக்கிற காருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது அதிகமில்லை. பழைய ஒயில் தேநீர்ச்சாயம் நிறத்தில் வந்தால் சிலிண்டரின் உட்சுவரில் துரு தொடங்கியிருக்கலாம். ரப்பர் குழாய் பழசென்றால் அதையும் அப்போதே மாற்றுங்கள், வெளியே கம்பி பின்னியது கிடைத்தால் நல்லது.

மூன்று மாதம் நிறுத்திவைத்த கார். பெடல் நன்றாக இருக்கிறது, ஆனால் கிளச் விடவே இல்லை.

கிளச் பிளேட், எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீலில் துருவோடு ஒட்டியிருக்கும். எங்கள் ஈரத்துக்கு இது சகஜம். எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு அணையுங்கள். பெடலை முழுதாக அமுக்கி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு தடியை முட்டுக்கொடுத்து ஒரு இரவு விட்டுப் பாருங்கள். பல தடவை காலையில் ‘டக்’ என்று விட்டுவிடும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் காரை நிறுத்தும்போதே அந்தத் தடியை வைத்துவிடலாம்.

கடுகண்ணாவையில் வாகன வரிசையில் ஏற்றத்தில் நிற்கும்போது கிளச்சிலேயே பிடித்து நிற்கலாமா?

கூடவே கூடாது. எம்.ஜி.பி.யில் கிளச்சை அமுக்கி விடுவிக்கும் ரிலீஸ் பெயரிங்குக்குப் பெயர்தான் பெயரிங், உள்ளே குண்டு கிடையாது. கார்பன் வளையம் ஒன்று நேரடியாக உரசுகிறது. பெடலில் கால் வைத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் அது தேய்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் தள்ளி, காலை எடுத்துவிடுங்கள். கிளம்பும்போது மட்டும் மிதியுங்கள். ஹேண்ட் பிரேக் பிடிக்காது என்பவர்கள் அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

எஞ்சின் எப்போது இறக்க வேண்டும்?

மேலே, நடுவே, கீழே எல்லாம் சரி, கீழ்த்தண்டு அரை அங்குலம் நகர்கிறது, ஒட்டிய பிளேட்டும் இல்லை, அப்படியும் விடவில்லை என்றால். எம்.ஜி.பி.யில் கிளச்சை எட்ட வேறு வழி இல்லை, எஞ்சின் வெளியே வந்தாக வேண்டும். இறக்கியபின் பிளேட்டை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். கார்பன், பிரஷர் பிளேட், ஃபோர்க்கின் புஷ்ஷும் அதன் போல்ட்டும், ஃபிளைவீல் நடுவிலிருக்கும் சின்ன வெண்கலப் புஷ் எல்லாம் ஒரே தடவையில். செயின் புளொக் இரவல் கேட்டு இரண்டாம் முறை அதே வீட்டுக் கதவைத் தட்டுவது சங்கடமான விஷயம்.

என்னிடம் இருப்பது மொரிஸ் மைனர். இதெல்லாம் பொருந்துமா?

பின் கதை இன்னும் அதிகமாகவே பொருந்தும். மைனரின் கிளச்சில் ஒயில் கிடையாது, பெடலிலிருந்து ஃபோர்க் வரை இரும்புத் தண்டுகள், நடுவில் ஒரு குறுக்குத் தண்டு. தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதி இல்லாததால் ஒவ்வொரு மூட்டின் தேய்மானமும் அப்படியே கூடும். நட்டைத் திருகி மறைக்கலாம், ஆனால் திருகித் திருகி மரை முடிகிற நாள் வரும். எல்லாப் பின்னையும் ஒன்றாக மாற்றிவிட்டு நட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவின் மஹகஸ்தோட்ட மலையேற்றக் கார் ஓட்டத்தில் ஓட்ட ஆசை. என் கிளச் தாங்குமா?

1934இல் தொடங்கிய ஓட்டம் அது, எம்.ஜி.பி. பிறப்பதற்கு 28 வருடம் முந்தியது. அங்கே ஆரம்பக் கோட்டில் ஒரே ஒரு தடவைதான் கிளச்சை வேகமாக விடுவீர்கள். கிளச் அதைத் தாங்கும். எனக்குப் பயம் பெடல் பின்னின் ஸ்பிளிட் பின்னைப் பற்றித்தான். போவதற்கு முந்திய நாள் தகர மூடியைக் கழற்றி, அதன் இரண்டு காலும் விரித்து மடக்கியிருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.